கறுப்பு மை பட்ட கடுதாசி

கொட்டாம்பட்டி
4.6.2025

தம்பி மொக்கையனுக்கு அக்கா பாண்டியம்மாள் எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் நீ பேசுவது ஒன்றும் காதில் விழவில்லை, அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

என் மகன் சிவக்குமாரிடம் ஒரு தகர டப்பா கொடுத்துவிட்டிருக்கிறேன். பட்டாளத்துக்குப் போன அப்பாவைப் பற்றி வந்த சாவுக் கடுதாசி அதில் இருக்கிறது. சாவுச் சேதிக்குத் தடவுகிற கறுப்பை மூலையில் பார்த்ததுமே அம்மா, "இதுக்கு மேல என்னத்த வாசிக்க"ன்னு பிரிக்காமலே வாசலில் கிழித்துப் போட்டது. தாலியையும் அன்றைக்கே கழற்றியது. உனக்கு மூணு வயசு. நான்தான் துண்டுகளைப் பொறுக்கித் தொழுவத்தில் ஒளித்துவைத்தேன், இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை. சாவுக் கடுதாசி வீட்டுக்குள் இருக்கக் கூடாதில்லையா. நீயும் வெளியிலேயே வைத்து வாசி.

அப்பா செத்த தேதியை மட்டும் எழுது. வருசா வருசம் ஆடி அமாவாசைக்குப் பொத்தாம்பொதுவாகத் திதி கொடுக்கிறாய். எனக்கு எண்பத்தெட்டாச்சு. நான் போவதற்குள் ஒரு தடவையாவது அவர் நாளில் கொடுக்க வேண்டும்.

பாண்டியம்மாள்

கோச்சடை
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

துண்டுகளை ஒட்டி வாசித்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாலு நாள் தள்ளிப்போட்டேன். அது சாவுக் கடுதாசி இல்லை. அப்பாவே எழுதியது. எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியக் கூடாதென்று பட்டாளத்தில் ஊர்ப்பேர் மேல் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். அது ஊறி மூலையில் தெரிந்திருக்கிறது.

அப்பா எழுதியதை அப்படியே தருகிறேன்: "குண்டு பட்டு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இனி ஏர் பிடிக்க முடியாது. உனக்குப் பாரமாக வர மனசில்லை. வா என்று என் பட்டாள நம்பருக்கு ரெண்டு வரி எழுதிப் போடு, வாரேன். பதில் வராவிட்டால் வேண்டாம் என்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். தவசி."

தேதி கிடைக்கவில்லை, அக்கா. எங்கே இருந்தார், எப்போது செத்தார், ஒன்றும் தெரியாது. அம்மா மேல் கோபம் கோபமாக வருகிறது. சோறு இறங்கவில்லை.

மொக்கையன்

கொட்டாம்பட்டி
18.6.2025

தம்பிக்கு,

அம்மாவை ஒன்றும் சொல்லாதே. அது எழுத்தறியாத மனுசி. நான் அப்போது ரெண்டாம் கிளாஸ். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்திருந்தால்கூடப் போதும். ஆகாத கடுதாசி என்று பயந்து மூடிவைத்துவிட்டேன். அழுகையாக வருகிறது.

தேதி கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கிடைத்துவிட்டது. அந்தக் கடுதாசி வந்தது ஆனி அமாவாசைக்கு மறுநாள். முந்தின நாள் படைத்ததில் மீந்த வடையை உனக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. அதற்கப்புறம் அவர் எம்புட்டுக் காலம் இருந்தாரோ, நம் வீட்டுக்கு அவர் செத்தது அன்றைக்குத்தான். இந்த வருசம் அது 26ஆம் தேதி வருகிறது. வைகைக்கரைக்குப் போய்த் திதி கொடு.

எள்ளும் தண்ணியும் இறைக்கும்போது அவரிடம் சொல்லு, பதில் போடாதது அம்மா இல்லை, நான்தான் என்று.

பாண்டியம்மாள்