முதல் துண்டு

3.6.87

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவின் அம்மா எழுதுவது. இங்கே நான், பாப்பா, தையல் மிஷின் மூவரும் சுகம். அங்கே வேலைக்குப் போன நீங்களும் உங்கள் மிட்டாய்க் கடைப் புது அடுப்பும் சுகமா?

உங்கள் கடிதம் வந்தது. முதல் பக்கம் முழுக்க அந்த ஊர்க் கடலை மிட்டாயின் புகழ்தான். மெல்லிசாம், கண்ணாடி மாதிரியாம், கையில் எடுத்தால் அந்தப் பக்கம் விரல் தெரியுமாம். அப்படியா? நம் ஊர் மிட்டாய் தடியாக இருந்ததால்தான் உங்களுக்கு மாஸ்டர் என்று பேரே வந்தது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் வீட்டு விலாசம் கேட்கும் முன்னே மிட்டாய்க் கடைக்கு வழி கேட்கிற ஊர் இது. மிட்டாய் என்றால் கடிக்கிற பல்லுக்கு வேலை இருக்க வேண்டும். விரல் தெரிகிற மிட்டாயை ஜன்னலில்தான் ஒட்டலாம்.

சரி, மிட்டாயை விடுங்கள். இரண்டாம் பக்கத்தில் பொட்டலம் கட்டுகிற ஒரு பெண்மணி வருகிறார். கெட்டிக்காரியாம், ரொம்ப நல்ல நாக்காம். மூன்றாம் பக்கத்திலும் அவரே வருகிறார். என்னையும் பாப்பாவையும் விசாரித்தது கடைசியில், கையெழுத்துக்கு மேலே, கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால். அவள் நாக்கு நல்ல நாக்கு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நம் வீட்டு அடுப்பில் நீங்கள் பாகு காய்ச்சிய காலத்தில், தட்டில் பரப்பி வெட்டியதும் முதல் துண்டு எனக்குத்தான். நான் தலையாட்டிய பிறகுதான் மற்றதெல்லாம் கடைக்குப் போகும். அதெல்லாம் நினைவிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

கோபமெல்லாம் இல்லை. சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
கோபமில்லாத உங்கள் மனைவி


11.6.87

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீ திட்டி எழுதினால் நிம்மதியாகப் படிப்பேன். கோபமில்லை என்று எழுதினால்தான் கடிதத்தை நாலு தடவை படிக்க வேண்டியிருக்கிறது.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை. அடுப்புக்கு எதிரேயே பொட்டலம் கட்டுகிற பலகையைப் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க எதிரும் புதிருமாக இருக்கிறோம், அதனால் பேச்சில் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். போதுமா?

முதல் துண்டு மறக்குமா? நீ கண்ணை மூடி மெல்லுவாய், உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன், மார்க் போடுகிற வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி.

ஒரு உதவி செய். உன் கையால் எள்ளுருண்டை பிடித்து அனுப்பு. இங்கே எதைத் தின்றாலும் வைக்கோலைத் தின்கிற மாதிரி இருக்கிறது. உன் கைப்பக்குவம் உள்ளே போனால் சரியாகும் என்று தோன்றுகிறது. நம் ஊரிலிருந்து வெல்லம் ஏற்றி வருகிற லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

பாப்பாவுக்கு முத்தம். இந்தத் தடவை உங்கள் இருவரையும் முதல் பக்கத்திலேயே விசாரித்துவிட்டேன், பார்த்துக்கொள்.

அன்புடன்,
பாப்பாவின் அப்பா


20.6.87

மிட்டாய் மாஸ்டர் அவர்களுக்கு,

கேட்ட எள்ளுருண்டை சிவப்பு மூடி போட்ட டின்னில் வருகிறது. லாரிக்காரர் தருவார்.

அவர் வாய் சும்மா இருக்குமா? முந்தாநாள் வீட்டுப் பக்கம் வந்தபோதே அங்கே நடக்கிறதையும் சொன்னார். "அக்கா, இப்பல்லாம் மாஸ்டர் பாகைத் தண்ணியில விட்டு எடுத்து, ஊதி ஊதி ஆற வச்சு, அந்தம்மா கையில குடுக்கிறாரு. அது வாயில போட்டுத் தலையாட்டுனாத்தான் கடலையைக் கொட்டுறாரு" என்றார். ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். பாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும் போல.

ஊதி வேறு கொடுக்கிறீர்களா? எனக்கு ஒரு நாளும் ஊதிக் கொடுத்ததில்லை. நானே ஊதிக்கொள்வேன். தலையாட்டுகிற வேலையையாவது எனக்கென்று விட்டு வைத்திருக்கலாம்.

எள்ளுருண்டை எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தையல்காரி


28.6.87

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

தேன் மாதிரி இருந்தது.

மூடியைத் திறந்ததும் கடை முழுக்க எள் மணக்கிறது என்றார்கள். ரொம்ப ஆசையாகச் செய்திருக்கிறாய். வேறு ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாப்பாவின் அப்பா


5.7.87

பாப்பாவின் அப்பாவுக்கு,

தேன் மாதிரி இருந்ததா? வெல்லப்பாகில் இரண்டு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுப் பிடித்த உருண்டை அது. வயிற்றெரிச்சல் தாங்காமல் செய்தேன். பிடிக்கும்போது ஒட்டியிருந்த துணுக்கை நக்கிப் பார்த்து நானே கொல்லைக்கு ஓடித் துப்பினேன். ஒரு கடி கடித்ததும் நீங்கள் எகிறிக் குதிப்பீர்கள், நானும் நாலு பக்கம் திட்டி எழுதலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் தேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

படித்ததும், 'வாயிலேயே போடவில்லை, டின்னோடு தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார்' என்றுதான் நினைத்தேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் கையை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்தை வைத்துத் தைத்துவிட்டேன். லாரிக்காரர் வந்ததும் வழிமறித்துக் கேட்டேன். "ஐயோ அக்கா, என் கண்ணு முன்னாலதான் சாப்பிட்டாரு. ஒண்ணில்ல, ரெண்டு. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு" என்றார்.

அதைக் கேட்டதும் தையலை அப்படியே போட்டுவிட்டேன். அந்த உருண்டையை ஒரு மனிதன் முழுசாகத் தின்ன முடியாது. மாடுகூடத் தின்னாது. எனக்குப் பயந்து தேன் என்று எழுதினீர்களா? நீங்கள் எனக்குப் பயப்படுகிற ஆள்தான், ஆனாலும் அவ்வளவு இல்லை. உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். வைக்கோல் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு இருந்த எரிச்சலில் அது என் கண்ணில் படவே இல்லை.

உங்களுக்கு என்ன ஆச்சு? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் மனைவி


12.7.87

என் பாப்பா அம்மாவுக்கு,

ருசி போய்விட்டது. மணமும் போய்விட்டது. வந்த புதிதில் ஒரு சளிக் காய்ச்சல் வந்து படுத்தேன். காய்ச்சல் போகும்போது இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்கிறார்.

பாகு கொதிக்கிறது, எனக்கு மணம் இல்லை. கருகினாலும் தெரியாது. தண்ணீரில் விட்டுத் தட்டிப் பார்த்தால் பதம் தெரியும், அது கை வேலை. வெல்லம் கரிக்கிறதா, கடலை காறிப்போய்க் கசக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காறிப்போன கடலையை அப்படியே பாகில் கொட்டிவிட்டேன். முதலாளி வரும் முன்னே அந்த அம்மாதான் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்துவிட்டார். "மாஸ்டர், இனிமே எங்கிட்ட குடுங்க, நான் சொல்றேன்" என்றார். அவர் தலையாட்டவில்லை என்றால் எனக்கு இங்கே வேலை கிடையாது.

உனக்கு எழுதப் பேனாவை எடுப்பேன், பிறகு இந்த ஊர் மிட்டாயைப் பற்றி எழுதிவிடுவேன். நீ தலையாட்டித்தான் நான் மாஸ்டர் ஆனேன். நாக்கு செத்தவன் என்று தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாயோ என்று பயம்.

உன் எள்ளுருண்டைக்காகக் காத்திருந்தேன். உன் கைக்காவது திரும்பி வரும் என்று நம்பினேன். ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். வரவில்லை. இன்னொன்றைப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மென்றார். முழுசாக விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "தேன் மாதிரி இருக்கு மாஸ்டர். உங்க வீட்ல ஆசையா செஞ்சிருக்காங்க. அப்படியே எழுதிடுங்க" என்றார். எழுதினேன்.

உப்பு என்பது உன் கடிதம் வந்துதான் தெரியும். அந்த அம்மாவிடம் போய்க் கேட்டால் சிரிக்கிறார். "புருஷன் பொண்டாட்டி சண்டையில நான் எதுக்கு நடுவுல? அன்னிக்கு நான் குடிச்ச தண்ணிக்கு ஒரு குடம் காலி" என்கிறார்.

திட்டு. நாலு பக்கம் என்ன, நாற்பது பக்கம் திட்டு. பதில் எழுதாமல் மட்டும் இருக்காதே.

பாப்பாவின் அப்பா


19.7.87

பாப்பாவின் அப்பாவுக்கு,

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் நாக்குக்காக அழுதது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் பொறாமையில் அழுதது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ருசி போனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் போன சேதி எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள் என்கிறீர்கள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தால் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேனா? நீங்கள் சோற்றைப் பிசைகிற விதத்திலேயே சொல்லியிருப்பேன். இங்கே உட்கார்ந்து ஊரார் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் உப்பைத் தின்றுவிட்டு, என்னை விட்டுக்கொடுக்காமல் தேன் என்றிருக்கிறாள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள். இனிமேல் அவர் என்றுதான் எழுத வேண்டும்.

பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுவிட்டேன். தையல் மிஷினை ஏற்ற லாரிக்காரர் சம்மதித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம், அங்கேயே இருக்கத்தான் வருகிறோம். மிஷினை உங்கள் கடைக்குப் பக்கத்தில் எங்காவது போட்டுக்கொள்கிறேன். பாகு கொதிக்கும்போது ஒரு குரல் கொடுங்கள், வந்து நிற்கிறேன். முதலாளி கேட்டால், பொண்டாட்டி பொல்லாதவள், சந்தேகப்பட்டு வந்துவிட்டாள் என்று சொல்லுங்கள். பாதி உண்மைதானே.

இத்துடன் வருகிற டின்னில் எள்ளுருண்டை இருக்கிறது. இந்தத் தடவை வெல்லம் மட்டும்தான். அது அவருக்கு. நீங்கள் தொடாதீர்கள், உங்களுக்கு எதைக் கொடுத்தால் என்ன. உங்கள் நாக்கை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அது திரும்பி வருகிற வரைக்கும் என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் மிட்டாய் அப்படி என்ன மெல்லிசு என்று நானும் பார்க்கிறேன். திங்கட்கிழமை தட்டில் பரப்பி வெட்டியதும் அவருக்கும் ஒரு துண்டு கொடுங்கள்.

எனக்குக் கொடுத்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் மனைவி