சிவப்பு மையில் இருந்த மருந்தின் பெயர்

23 ஜூலை 2007, திங்கள். பெரம்பலூர்.

காலையிலிருந்து ஆடிக் காற்று. கலெக்டர் ஆபீசுக்கு மனுநாள் செய்தி எடுக்கப் போனேன். மரத்தடியில் ஆண்டிமடம் கலியபெருமாள், மனைவி அஞ்சலையுடன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருடம் முன்பு அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

வலது முழங்காலில் சீழ். திருச்சியில் ஆபரேஷன் செய்ய வேண்டும். பட்டாளத்தில் ஒருமுறை ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு நின்று பிழைத்தவர். எந்த மருந்து என்று டாக்டர் கேட்கிறார்.

"துப்பாக்கி நம்பர் கேளுங்க சார், இப்பவும் சொல்லுவேன். மயங்கிக் கெடந்தவன்கிட்ட ஊசி பேரு சொல்லிட்டா போட்டான்?"

மருந்தின் பெயர் பட்டாளத்து டிஸ்சார்ஜ் தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்ததாம். லேமினேஷன் போட்டிருந்தார்கள். மருத்துவ அட்டை கேட்டுப் போன ஆபீசில், ஒரிஜினல்ல சீல் வைக்கணும், பிளாஸ்டிக்கைப் பிரிச்சிட்டு வா என்றார்கள். பிரித்தார்கள். எழுத்தும் சேர்ந்து உரிந்துவிட்டது. பிளாஸ்டிக்கை அஞ்சலை அடுப்பில் போட்டுவிட்டார்.

"லேமினேஷன் ஏம்மா போட்டீங்க?"

"நீங்கதான சார் பேப்பர்ல எழுதினீங்க, கரையான் அரிக்காதுன்னு."

வீட்டுக்கு வந்து பேப்பர் கத்தரிப்பு ஃபைலில் அந்தப் பழைய செய்தியைப் பார்த்தேன். லேமினேஷன் போடச் சொல்லிக் கடைசி வரி. என்னுடையதுதான்.

25, புதன்.

படைப்பிரிவு ஆவண அலுவலகத்துக்கு போன். நான்காவது முறையில் தமிழ் தெரிந்தவர் கிடைத்தார். "லெட்டர் போடுங்க. பழைய ஃபைல், தேடணும். மூணு மாசம் ஆவும்."

பிற்பகல் ஏஜென்சி செய்தியில் அமெரிக்கா. பணியில் இருக்கும் சிப்பாய்க்கும் ஓய்வு பெற்றவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரே மருத்துவப் பதிவு. ராணுவ ஆஸ்பத்திரியும் ஓய்வு பெற்றவர்களின் ஆஸ்பத்திரியும் அதைப் பார்க்கலாம். அதற்கு மசோதா. கலியபெருமாளைச் சேர்த்துப் பன்னிரண்டு வரி அனுப்பினேன்.

டெஸ்க்கிலிருந்து போன்: "அமெரிக்கா நமக்கு எதுக்குண்ணே? அரியலூர்ல சிமெண்ட் லாரி மோதுச்சாமே, அதக் குடுங்க."

கொடுத்தேன். காயம் இருவர்.

பல் வலி. கிராம்பு வாங்க மறந்தேன்.

27, வெள்ளி. திருச்சி.

டாக்டர் சின்ன வயது. எரிச்சல் இல்லாமல் பேசினார். "சீழ் ரத்தத்துல ஏறிடுச்சு. இனி காத்திருக்க முடியாதுங்க. அந்தக் காலத்துல பட்டாளத்துல போட்டிருக்கக்கூடிய மருந்துகள தவிர்த்துட்டு வேற வகை குடுக்கறேன். முதல்ல கொஞ்சமா போட்டுப் பாக்கறேன்."

கலியபெருமாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், மூஞ்சி தொங்குது? ஊசி எனக்குத்தான்."

நான்தான் அந்த வரியை எழுதினேன் என்று சொல்ல நினைத்தேன். அவருக்குத் தெரியும்.

30, திங்கள். திருச்சி.

சனிக்கிழமை கொஞ்சமாகப் போட்டதே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டே நிமிடத்தில் மூச்சு நின்றிருக்கிறது. இன்னும் மூச்சுக் கருவியில். நினைவு இல்லை. கண்ணாடி வழியே கால்கள் மட்டும் தெரிந்தன.

டாக்டர் அந்த மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அஞ்சலையிடம் கொடுத்திருக்கிறார். எங்கே போனாலும் இதைக் காட்ட வேண்டும் என்று. சிவப்பு மை. அஞ்சலை அதை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். ஈரமாக இருந்தது.

"இதுக்கு லேமினேஷன் போட்டுரலாங்களா சார்?"