பதில் கடமை

3 யூன் 1997, லுணுகலை
மழை விடவில்லை. உயர்தர வகுப்பு வரலாற்றுத் தாள்கள் திருத்தினேன். டியூடர் கால அயர்லாந்து. இங்கிலாந்து அரசருக்காக அந்த நாட்டை ஆண்ட பிரதி ஆளுநரை 1534இல் இலண்டனுக்கு அழைத்தார்கள். அவருடைய இடத்தில் பதில் கடமை பார்த்தவர் மகன் தோமஸ். தகப்பனைக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தியை நம்பி, சபைக்குப் போய்ப் பதவிக்கு அடையாளமான வாளை ஒப்படைத்துவிட்டுக் கலகத்தில் இறங்கினார். தகப்பன் அப்போது உயிரோடுதான் இருந்தார். மூன்று வருடத்துக்குள் மகனுக்குத்தான் மரண தண்டனை.

'தோமஸ் வாளைக் கைவிட்டதேன்?' இரண்டு புள்ளி. விடை: அவசரபுத்தி. கடைக்கார ஸரூக்கின் மகள் நளீரா, 'வாப்பாவைக் கொன்றுவிட்டார்கள் என்று கேட்ட பிறகு எந்த மகனுக்குப் பொறுக்கும்?' என்று எழுதியிருக்கிறாள். சைபர் போட்டேன். பரீட்சைத் தாளில் ஒப்பாரி வைக்கக்கூடாது.

9 யூன்
நான் இந்தப் பாடசாலையின் பதில் அதிபராகி இன்றோடு ஆறு வருடம். நிரந்தர நியமனத்துக்கு மார்ச்சில் நேர்முகம் முடிந்தது. முடிவு இல்லை. கதவுப் பலகையில் 'பதில்' இன்னும் இருக்கிறது.

12 யூன்
சீனி வாங்கப் போனேன். "சேர், பசறையில உள்ள ஒருத்தர அதிபரா போட்டுட்டாங்களாம். திங்கக்கிழம வாராராம். பஸ்ல பேசிக்கிட்டாங்க" என்றார் ஸரூக். அப்படியா என்றேன். சீனியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

13 யூன்
காலைக்கூட்டம் முடிந்ததும் சாவிக்கொத்தைப் பிரதி அதிபர் செல்வநாயகியின் மேசையில் வைத்தேன். "கொஞ்சம் பொறுங்கோ சேர், போன் எடுத்துக் கேப்பம்" என்றா. நான் பொறுக்கவில்லை. பதில் அதிபர் பதவியை விடும் கடிதத்தைக் கல்விப் பணிமனைக்குத் தபாலில் போட்டேன்.
ஆறு வருசம் — ஒரு சொல் சொல்லேலாதா பணிமனைக்காரருக்கு? நானென்ன காவல்காரனே?

17 யூன்
புது அதிபர் என்று ஒருவரும் வரவில்லை.

18 யூன்
பதுளைக்குப் போய்க் கல்விப் பணிமனையில் விசாரித்தேன். பசறைக்காரரின் நியமனம் உண்மை. ஆனால் வேறொரு தோட்டப் பாடசாலைக்கு. என்னுடைய நிரந்தர நியமனக் கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்துக்குப் போயிருந்ததாம். "உங்க கடிதம் வந்துச்சு, அதான் நிப்பாட்டிட்டோம் சேர்" என்றார் எழுதுவினைஞர்.
திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்கை இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வெட்கமாக இருந்தது.

1 யூலை
செல்வநாயகி பதில் அதிபர். வரவுப் பதிவேட்டில் மற்ற ஆசிரியர்களோடு வரிசையில் நின்று கையெழுத்திட்டேன்.
நான் விட்டுவந்த சீனியை நளீரா கொண்டுவந்து தந்தாள். அவளுடைய வரலாற்றுத் தாளைக் கேட்டு வாங்கி, சைபரை வெட்டி ஒன்று போட்டேன்.
"மத்த புள்ளி, சேர்?"
"அது அவசரபுத்திக்கு. அதையும் எழுதோணும், பிள்ளை."