டாக்டர் கேட்ட கேள்வி

14.9.2006

தங்கை செல்வி பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பட்டாசு கம்பெனியில் பெட்டி தூக்கி அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நேற்று அவள் மாமியாரும் நானும் திருத்தங்கல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவள் உள்ளே ஊசி போடப் போயிருந்தபோது டாக்டர், "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறாகளா?" என்று கேட்டார். மனச்சோர்வுக்கு ஆறு மாதமாக மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் மாமியார் இருந்தார். "ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

இன்று மத்தியானம் அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் உதறி, பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று கொடுத்த வலி மாத்திரை அந்த மாத்திரையோடு சேரவே கூடாதாம். வலி மாத்திரையை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். இருட்டுவதற்குள் நடுக்கம் அடங்கியது.

மாமியார் அழுதார். "எங்கிட்ட ஏன் மறைச்சீக? நான் என்ன செஞ்சிருவேன்னு நெனச்சீக?"

பிறகு செல்வி கண் விழித்தாள். இரண்டு மாத்திரையும் சேராமல் போனதைச் சொன்னேன். "அந்த டாக்டரு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா?"

"கேக்கலையேடி" என்றேன்.

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.