குல்மார்க், ஔலி, சோலாங்

ராஜபாளையம்,
4 நவம்பர் 2025.

ஷெரினுக்கு,

நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி முடியாது என்பதால் எழுதுகிறேன். சமாதானம் பேசுவதற்கு அல்ல. உன் கணவர் நேகிக்குப் பனிச்சறுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்திருப்பதாகவும், அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது. டேராடூனை விட்டு நீயும் கூடவே போகப்போகிறாய் என்பதும் தெரிந்தது. மூன்று இடங்களையும் நீங்கள் இருவரும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். உங்கம்மா காலையில் உன்னோடு பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடையில் சாய்த்து வைக்கிறாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கேட்கிறதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மிக்ஸி ஓடும் நாட்களில் பாதிச் செய்திதான் கிடைக்கும். போன வாரம் நீ பனிக்குள் வீடு பார்ப்பதாகச் சொன்னபோது, "ஏட்டி, ஆறு மாச வயித்தோட பிரிட்ஜுக்குள்ள போயா குடித்தனம் நடத்தப் போற?" என்றாள். நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள்.

உன் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு எனக்குத் தெரியாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உன் சித்தப்பா ஆல்வின், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பத்துப் பேர் கேட்கச் சொன்னான்: "எங்கண்ணன் இருவத்தாறு வருசம் பனியப் பத்திப் பாடம் எடுத்தாவ. ஐஸ் வண்டியத் தவிர வேற என்னத்தப் பாத்தாவ?" அவன் செய்ததையும் சொன்னதையும் மறக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் சொன்னது உண்மை. புவியியல் வாத்தியாராக இருந்தும் நான் பார்க்காத இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். வரைபடங்களும் வானிலைப் பதிவுகளும் போய்வந்தவர்கள் எழுதிவைத்ததும்தான் ஆதாரம். மூன்று வாரமாக இதே வேலையாக இருந்தேன்.

பனியை மட்டும் வைத்துப் பார்த்தால் குல்மார்க்குக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வரா. ரோப் கார் ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறது. அங்கே விழுவது மாவு போன்ற பனி. தேர்ந்த ஆள் சறுக்க அதைவிட நல்ல சரிவு நம் நாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கீழே தங்மார்க் வரைக்கும் பதின்மூன்று கிலோமீட்டர் வளைவு ரோடு. கனத்த பனி விழுந்தால் டயரில் சங்கிலி கட்டித்தான் வண்டி நகரும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து ஸ்ரீநகர் வரை போக வேண்டும்.

ஔலி, கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்றது. சரிவு சீரானது. எதிரே நந்தாதேவி தெரியும் என்று எல்லோரும் ஒரேமாதிரி எழுதுகிறார்கள். சில வருடங்களில் பனி ஏமாற்றிவிடுகிறது. பனி இல்லாத வருடம் நேகிக்கு வேலையும் இருக்காது. அடிவாரத்து ஜோஷிமட்டில் 2023இல் வீடுகள் விரிசல் விட்டதை நீயே செய்தியில் பார்த்திருப்பாய். சிக்கலான பிரசவம் என்றால் அங்கிருந்து மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பகல் முழுக்க ஆகும்.

சோலாங், சறுக்குகிறவன் கண்ணுக்குச் சுமாரான இடம். சரிவுகள் குட்டை. டியூபில் உட்கார்ந்து சறுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்ள வரும் கூட்டம்தான் அதிகம். நேகிக்கு அது பிடிக்காது என்று நீ சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் ஆஸ்பத்திரி உள்ள மணாலி பதின்மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. அதனால் சோலாங்குக்குத்தான் முதலிடம் என்று போன வெள்ளிக்கிழமை முடிவுகட்டி, அதையே எழுதி உறையிலும் போட்டேன்.

பிறகு அந்தப் பதின்மூன்றை யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் போய்விடலாம். உனக்கு நாள் நெருங்கும் பிப்ரவரியில், பனி கொட்டும்போது, டூரிஸ்ட் கார்கள் வரிசைகட்டி நிற்கும்போது அதே தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்தப் பதிவிலும் இல்லை. உறையைக் கிழித்துவிட்டேன்.

தூரத்தைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் வத்திராயிருப்பில் குடியிருந்தபோது உங்கம்மாவுக்குத் தலைப்பிரசவம். அது நீ இல்லை. ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்து அழைத்துப்போவது முறை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் தாத்தா வரவில்லை. டிரைவர் மாரிச்சாமியிடம் காரைக் கொடுத்தனுப்பினார். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று மாரிச்சாமி சொன்னார். அந்த வீட்டில் என்னை மதித்ததே இல்லை என்று ஏற்கெனவே எனக்குக் கோபம். நேரில் வந்து கூப்பிடாத வீட்டுக்கு இவள் வரமாட்டாள் என்று காரைத் திருப்பி அனுப்பினேன். உங்கம்மா கட்டிவைத்த பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அவிய ஒரு நா வராட்டிப் போறாவ, என்னைய அனுப்புங்க" என்றாள். அனுப்பவில்லை.

நவம்பரில் வலி எடுத்தது. நல்ல மழை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வாடகைக் காரில் இரண்டரை மணி நேரம் அக்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. உன் தாத்தா வந்து பார்த்தார். உங்கம்மா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

ஆகவே ஒப்பீட்டைத் திருத்தி எழுதுகிறேன். நேகி குல்மார்க்குக்கே போகட்டும். பனிக்காகவே வாழ்கிறவருக்கு அதுதான் இடம். உனக்கு மூன்றும் வேண்டாம்.

டிசம்பர் முதல் வாரம் உங்கம்மா டேராடூன் வருகிறாள். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறது. அவளுக்கு ஹிந்தி தெரியாது, பெட்டியும் கனம். அதனால் தூக்கிவர ஓர் ஆள் கூட வருவார். முறைப்படி வாசலில் நின்று அவர் கூப்பிடுவார். நீ அவரோடு பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திரும்பிவரும் ரயிலில் மூன்று டிக்கெட், உனக்குக் கீழ் பெர்த். பிப்ரவரியில் நேகி லீவு எடுத்து வந்தால் மாடி அறையை ஒழித்துவைக்கச் சொல்கிறேன்.

சனிக்கிழமை பதில் சொல்லும் முன்பு இதை ஒருமுறை படித்துப் பார். படிகளில் மெதுவாக இறங்கு. நீயும் பிள்ளையும் சுகமாய் இருக்க வேண்டும்.

கீழே பெயர் எழுத இரண்டு தடவை முயன்றேன். இனி உனக்கு அப்பா கிடையாது என்று நான்கு வருடத்துக்கு முன் எழுதியபோது முழுப்பெயரும் படித்த பட்டமும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். அதே கையெழுத்தை இதன் கீழும் போட மனம் ஒப்பவில்லை. பெயர் இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.