சீல் ஒட்டிய கம்ப்யூட்டர்

ஆம்பூர்,
14.11.2001

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் ஷூ கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஷூவைச் சுழற்றிக் காட்டும் ஜாவா புரோகிராம், புதிய பிரௌசரில் ஓடவில்லை. பழசாகிவிட்டதென்று பிரௌசர்காரர்களே எடுத்துவிட்டார்களாம். சூப்பர்வைசர் கரீம் பாய் அந்தக் காரணத்தை நம்பவில்லை.

“ஷூ வாங்கற பையர் கையெழுத்து போட்டு சீல் வச்ச சாம்பிள்ல, ஒரு தையலக்கூட நாம கேக்காம மாத்த மாட்டோம். இந்த பிரௌசர்காரன் இன்னாத்துக்கும்மா கேக்காம எடுக்கறான்? தன் சரக்கை ஜாஸ்தி விக்கத்தான்.”

பழைய பிரௌசர் உள்ள கம்ப்யூட்டருக்கு அவரே சாம்பிள் சீல் ஒட்டினார். நேற்று வந்த ஜெர்மன் பையர் சிரித்துக்கொண்டே அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி யாரும் அதைத் தொட முடியாது.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. மற்ற கம்ப்யூட்டர்களுக்காக, பீரோவிலுள்ள தம்பியின் பழைய பிரௌசர் சிடியை அனுப்புங்கள். உடையாமலிருக்க உங்கள் பழைய சேலையில் சுற்றுங்கள். சேலையைத் திருப்பித் தரமாட்டேன்.

இவாஞ்சலின்