கல்யாண வீட்டில் கருப்பன் அடி

ஆவணி, ஞாயிறு இரவு.

வருசநாட்டுக் கல்யாணத்தில் பந்தி முடிந்ததும், உறுமி மேளம் வாசிக்கப் போயிருந்த என் முன்னால் பெண்ணின் சித்தப்பா செல்போனை நீட்டிப் படம் பிடித்தார். "உறுமியில ஒமக்கு ரொம்பப் பிடிச்ச அடி எதுய்யா?"

"பந்திக்குக் கூப்பிடுற அடிதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் கருப்பனை அழைக்கும் அடியை விளையாட்டாக எடுத்தேன். அதுதான் எனக்கு உயிர்.

மாப்பிள்ளையின் அக்கா எழுந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கண் செருகிச் சாமி ஆடத் தொடங்கினாள்.

"ஏலே, நிறுத்துடா!" என்று அவள் புருசன் என் சட்டையைப் பிடித்தார்.

சட்டென்று நிறுத்தினால் அவள் நின்றபடியே விழுவாள். அப்படி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "பொறுங்கய்யா, மெதுவா எறக்குறேன்" என்று கெஞ்சினேன். அவர் சட்டையை விடவில்லை, நான் அடியை விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். அவளும் தளர்ந்து பெண்கள் மடியில் சாய்ந்தாள்.

பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளை அசையலையே" என்றாள். காரில் ஆண்டிபட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"என்ன, இன்னைக்கு ஒங்க வாய்க்குப் பூட்டு போட்டுட்டாகளா?" என்று நான் வீடு திரும்பியதும் என் பெண்டாட்டி கேலி செய்தாள். நான் பாயை விரித்து நோட்டை எடுத்தேன்.

சேதி தெரிந்ததும் போன் செய்வதாகச் சித்தப்பா சொன்னார். இன்னும் போன் வரவில்லை. இடது கைவிரல்கள் பாயில் அந்த அடியையே தட்டுகின்றன. தொடைக்கு அடியில் வைத்து அமுக்கினேன். இப்போது பேனாவும் தட்டுகிறது. கீழே வைக்கிறேன்.